கார் கம்பெனி நொடித்தால் அரசாங்கம் கை கொடுக்கலாமா?



குழுவில் ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று தவணை கட்டவில்லை என்றால் கூட்டத்தில் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியும். "பாவம், அவ கஷ்டத்துல இருக்கா. குழு நிதியில இருந்து ஒரு தடவை கட்டிடலாம்" என்பார் ஒருவர். "இன்னிக்கு அவளுக்குக் கட்டினா, நாளைக்கு நாலு பேரு கட்டாம உட்காந்துக்குவாங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இதே வாக்குவாதம் 2008-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்தது. தவணை கட்ட முடியாமல் நின்றவர்கள் உலகத்திலேயே பெரிய கார் கம்பெனிக்காரர்கள். கொடுக்கச் சொல்லிக் கேட்டது மக்களின் வரிப்பணம். அங்கே என்ன நடந்தது, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

"அமெரிக்காக்காரன் கார் செஞ்சா என்ன, செய்யாட்டி நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், ஓசூர் பக்கம் கார் கம்பெனியிலும் பாகம் செய்யும் கம்பெனியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளத்தை நம்பிக் குழுக் கடன் கட்டும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் எல்லாத் தொகையையும் பில்லியன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் கோடி டாலராகவே சொல்லியிருக்கிறோம்.

யார் இந்த மூன்று கம்பெனி?

அமெரிக்காவில் மிச்சிகன் என்ற மாநிலத்தில் டெட்ராய்ட் என்ற நகரம் இருக்கிறது. அந்த நகரத்தையும் அதன் சுற்று வட்டாரத்தையும் தலைமையிடமாகக் கொண்டு மூன்று பெரிய கம்பெனிகள் வளர்ந்தன. ஃபோர்டு 1903-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1908-இலும், கிரைஸ்லர் 1925-இலும் தொடங்கப்பட்டவை. அமெரிக்கர்கள் இவற்றைப் "பெரிய மூன்று" என்று சொல்வார்கள். பல குடும்பங்களில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே ஆலையில் வேலை பார்த்தது உண்டு.

ஜெனரல் மோட்டார்ஸ் பல பத்தாண்டுகள் உலகத்திலேயே மிக அதிகமாகக் கார் விற்ற கம்பெனி. 1960-களில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி அதனுடையதுதான். 2008-இல் அது நூற்றுக்கு 22 என்று குறைந்துபோனது.

ஏன் நொடித்துப் போனது?

ஒரே நாளில் வந்த கஷ்டம் இல்லை. உள்ளே பல வருடங்களாகக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது.

முதல் காரணம், செய்த வண்டிகள். பெட்ரோல் அதிகம் குடிக்கும் பெரிய வண்டிகளில் லாபம் அதிகம் என்று அதையே நம்பி இருந்தார்கள். சின்ன, சிக்கனமான வண்டிகளை டொயோட்டா, ஹோண்டா போன்ற ஜப்பான் கம்பெனிகள் நன்றாகச் செய்தன. 2008 ஜூலையில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனதும் பெரிய வண்டிகளை வாங்க ஆள் இல்லை.

இரண்டாவது காரணம், பழைய பொறுப்புகள். ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்குப் பென்ஷனும் மருத்துவச் செலவும் கொடுப்பதாக இந்தக் கம்பெனிகள் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தன. உழைத்தவர்களுக்கு அது நியாயமான உரிமை. ஆனால் விற்பனை நன்றாக இருந்த காலத்தில் அதற்கென்று போதுமான பணத்தை ஒதுக்கி வைக்கவில்லை. நல்ல மகசூல் வந்த வருடத்தில் விதைநெல் எடுத்து வைக்காதவர் கதைதான்.

மூன்றாவது, கடன் சந்தை படுத்தது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அதன் பிறகு ஒரு வங்கி இன்னொரு வங்கியை நம்பவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலோர் காரைக் கடனில்தான் வாங்குவார்கள். கடன் கிடைக்காததால் கார் விற்பனை சரிந்தது. 2007-இல் ஒரு கோடியே 60 லட்சம் வண்டிகள் விற்ற நாட்டில் 2009-இல் சுமார் ஒரு கோடியே 4 லட்சம்தான் விற்றன. ஜெனரல் மோட்டார்ஸுக்கு 2008 என்ற ஒரே வருடத்தில் 3,000 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

முதல் இரண்டு காரணங்கள் கம்பெனியின் சொந்தத் தவறு. மூன்றாவது, ஊருக்கே வந்த வெள்ளம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குழுவிலும் கடன் கட்டாதவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: செலவு செய்து தொலைத்தாரா, மாடு செத்துப் போய் நிற்கிறாரா?

விமானத்தில் வந்து கடன் கேட்டார்கள்

2008 நவம்பரில் மூன்று கம்பெனித் தலைவர்களும் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து, 2,500 கோடி டாலர் வேண்டும் என்று நாடாளுமன்றக் குழு முன்னால் கேட்டார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு கம்பெனி விமானத்தில் தனித்தனியாக வந்திருந்தார்கள். "கையில் காசில்லை என்று கேட்க வருகிறவர்கள் இப்படியா வருவது?" என்று உறுப்பினர்களே கேட்டார்கள். நாடே சிரித்தது. எப்படித் திருந்தப் போகிறோம் என்ற திட்டமும் அவர்கள் கையில் இல்லை. எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

டிசம்பரில் மறுபடி வந்தார்கள். இந்த முறை டெட்ராய்டிலிருந்து காரிலேயே வந்தார்கள். கையில் திட்டமும் இருந்தது. ஆனால் கேட்ட தொகை 3,400 கோடி டாலராக ஏறியிருந்தது!

கொடுக்கணும் என்றவர்கள் சொன்னது

"மூன்று கம்பெனியில் நேரடியாக வேலை பார்ப்பவர்களே இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களை நம்பிப் பாகம் செய்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், வண்டி விற்கிறவர்கள், ஆலை வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் என்று சேர்த்தால் கணக்கு வேறு." மூன்றும் மூடினால் முதல் வருடத்திலேயே ஏறக்குறைய 30 லட்சம் வேலை போகும் என்று மிச்சிகனில் உள்ள ஒரு வாகன ஆராய்ச்சி மையம் அப்போது மதிப்பிட்டது.

இன்னொரு முக்கியமான வாதம் பாகம் செய்யும் கம்பெனிகளைப் பற்றியது. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். சீட் ஒருவர், கண்ணாடி ஒருவர், ஒயர் ஒருவர் என்று பலர் செய்து தருகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சீட் செய்கிறவர் ஃபோர்டுக்கும் செய்வார். ஜெனரல் மோட்டார்ஸ் பணம் தராமல் விழுந்தால் சீட் கம்பெனி விழும். சீட் இல்லாமல் ஃபோர்டு ஆலை நிற்கும். அமெரிக்காவில் இருக்கும் டொயோட்டா, ஹோண்டா ஆலைகளும் தடுமாறும். இதனால்தான், தனக்கு அந்தப் பணம் உடனே தேவைப்படாத ஃபோர்டு கம்பெனித் தலைவரும் போட்டிக் கம்பெனிகளுக்கு உதவி செய்யுங்கள் என்று கூடவே வந்து கேட்டார்.

கொடுக்கக் கூடாது என்றவர்கள் சொன்னது

இவர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கேட்ட கேள்விகளும் வலுவானவை.

"கெட்ட வண்டி செய்து, மோசமாக நிர்வாகம் பண்ணினவருக்குப் பணம் கொடுத்தால், நல்ல வண்டி செய்து சிக்கனமாக இருந்தவர் முட்டாளா?"

"தெருமுனைக் கடைக்காரர் நட்டப்பட்டால் அரசாங்கம் வருகிறதா? பெரிய கம்பெனிக்கு மட்டும் ஏன்?"

"அமெரிக்காவில் திவால் சட்டம் இருக்கிறது. கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தின் பாதுகாப்பில் கம்பெனியை நடத்திக்கொண்டே, தேவையில்லாததை வெட்டி, கடனைக் குறைத்து, மறுபடி எழுந்திருக்க அந்தச் சட்டத்தில் வழி உண்டு. அதன்படி போகட்டுமே."

கடைசி வாதம் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். திவால் வழக்கு நடக்கும் மாதங்களிலும் சம்பளம் கொடுக்க வேண்டும், இரும்பு வாங்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். சாதாரணக் காலத்தில் அதற்குத் தனியார் வங்கிகள் கடன் தரும். 2008 கடைசியில் வங்கிகளே அரசாங்கத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தன. நடத்துவதற்குப் பணம் இல்லாவிட்டால் திவால் வழக்கு என்பது ஆலைக்குப் பூட்டுப் போட்டு இரும்பை எடைக்குப் போடுவதில்தான் முடியும்.

என்ன முடிவு எடுத்தார்கள்?

டிசம்பர் 10 அன்று நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை 1,400 கோடி டாலர் கொடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அடுத்த நாளே மேல்சபையில் அது நின்றுபோனது. டிசம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், வங்கிகளைக் காப்பாற்ற ஒதுக்கியிருந்த 70,000 கோடி டாலர் நிதியிலிருந்து எடுத்து 1,740 கோடி டாலர் அறிவித்தார். அதில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1,340 கோடி, கிரைஸ்லருக்கு 400 கோடி. ஃபோர்டு வாங்கவில்லை.

2009 ஜனவரியில் ஒபாமா பதவிக்கு வந்தார். கம்பெனிகள் கொடுத்த திருந்தும் திட்டம் போதாது என்று மார்ச் 30 அன்று திருப்பிவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வேகனர் பதவி விலக வேண்டும் என்று அரசு சொன்னது; விலகினார். கிரைஸ்லருக்கு 30 நாள் கெடு: இத்தாலியின் ஃபியட் கம்பெனியோடு சேர்ந்து வழி கண்டுபிடி, இல்லாவிட்டால் பணம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸுக்கு 60 நாள் கெடு.

ஏப்ரல் 30-இல் கிரைஸ்லரும், ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு போட்டன. ஆக, "திவால் சட்டப்படி போகட்டும்" என்றவர்கள் சொன்னதும் நடந்தது, "அரசு பணம் கொடுக்கட்டும்" என்றவர்கள் சொன்னதும் நடந்தது. நடத்தும் செலவுக்கான பணத்தை அரசு போட்டது. கிரைஸ்லர் ஜூன் 10-லும், ஜெனரல் மோட்டார்ஸ் ஜூலை 10-லும் புதுக் கம்பெனிகளாக வெளியே வந்தன.

புது ஜெனரல் மோட்டார்ஸில் அமெரிக்க அரசுக்கு நூற்றுக்கு 60.8 பங்கு. கனடா அரசுக்கும் அதன் ஒண்டாரியோ மாநிலத்துக்கும் சேர்த்து 11.7. ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதிக்கு 17.5. பழைய கடன்காரர்களுக்கு 10. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் இல்லை.

யார் யார் எதை இழந்தார்கள்?

இதைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். காப்பாற்றினார்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லோரும் காப்பாற்றப்படவில்லை.

பாண்டியாக், சாட்டர்ன் போன்ற கார் வகைகள் நிறுத்தப்பட்டன. பல ஆலைகள் மூடப்பட்டன. கிரைஸ்லர் மட்டும் 789 விற்பனைக் கடைகளின் ஒப்பந்தத்தை முறித்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளைக் கழற்றிவிட்டது.

கிரைஸ்லருக்குச் சொத்து ஈட்டின் பேரில் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு டாலருக்கு 29 காசு வீதம்தான் கிடைத்தது. அவர்களில் இண்டியானா மாநில ஆசிரியர்கள், போலீஸ்காரர்களின் ஓய்வூதிய நிதிகளும் உண்டு. அவை உச்சநீதிமன்றம் வரை போயும் விற்பனையைத் தடுக்க முடியவில்லை. "கார் தொழிலாளியின் மருத்துவ நிதிக்குப் பங்கு கொடுக்கிறீர்கள், டீச்சரின் பென்ஷனுக்கு வெட்டு வைக்கிறீர்களே" என்ற கேள்வி அப்போது எழுந்தது. நியாயமான கேள்விதான்.

டெல்ஃபி என்ற பாகம் செய்யும் கம்பெனி ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியாக இருந்தது. அதில் சங்கத்தில் இருந்த தொழிலாளர்களின் பென்ஷனில் விழுந்த குறையை ஜெனரல் மோட்டார்ஸ் நிரப்பிக் கொடுத்தது. சங்கத்தில் இல்லாத மாதச் சம்பள ஊழியர்கள் பலருக்குப் பென்ஷன் பெரிய அளவில் வெட்டப்பட்டது. ஒரே கூரையின் கீழ் உழைத்தவர்கள்தான். பேசுவதற்கு ஒரு அமைப்பு இருந்தவருக்குக் கிடைத்தது, இல்லாதவருக்குக் கிடைக்கவில்லை. இதை நாம் மறக்கக் கூடாது.

புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்கள் இன்னொரு விலை கொடுத்தார்கள். பழைய தொழிலாளி மணிக்கு 28 டாலர் வாங்கும் அதே வேலைக்குப் புதியவருக்குச் சுமார் 14 டாலர்தான். இந்த இரட்டைச் சம்பளம் 2007 ஒப்பந்தத்தில் தொடங்கி, நெருக்கடிக்குப் பிறகு பரவலானது. 2023-இல் மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்துதான் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதியை ஒழித்தார்கள். நூற்றுக்கு 25 சம்பள உயர்வும் பெற்றார்கள். கம்பெனிகள் லாபத்துக்குத் திரும்பிய பிறகும் இத்தனை வருடம் ஆனது.

டெட்ராய்ட் நகரம்? கம்பெனிகள் எழுந்து நின்ற பிறகு, 2013 ஜூலையில் அந்த நகர நிர்வாகமே திவால் மனு போட்டது. கம்பெனி பிழைத்தால் ஊரும் தானாகப் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

வரவு செலவுக் கணக்கு

நம் கூட்டமைப்பில் வருடாந்திரத் தணிக்கை நடப்பதுபோல இதற்கும் கணக்குப் பார்த்தார்கள்.

கார் கம்பெனிகளுக்கும் அவற்றின் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் அரசு போட்டது மொத்தம் ஏறக்குறைய 8,000 கோடி டாலர். திரும்பி வந்தது சுமார் 7,000 கோடிக்குக் கொஞ்சம் மேல். நட்டம் ஏறக்குறைய 930 கோடி டாலர். இதில் ஜெனரல் மோட்டார்ஸில் போட்டது சுமார் 4,950 கோடி. அரசு தன் கடைசிப் பங்கை 2013 டிசம்பரில் விற்றபோது திரும்பியிருந்தது சுமார் 3,900 கோடி. அங்கே 1,000 கோடிக்கு மேல் நட்டம். கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பங்கில் வந்த லாபம் அதில் கொஞ்சத்தை ஈடு செய்தது.

அப்போது அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 30 கோடி. 930 கோடியை 30 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 31 டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 1,500 ரூபாய். லட்சக்கணக்கான வேலைகளைக் காக்க இது அதிகமா, குறைவா என்று நீங்களே யோசியுங்கள். யோசிக்கும்போது மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஆலைகள் மூடியிருந்தால் அரசுக்கு வரி வராது. வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். பென்ஷன் சுமையும் அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கும்.

கணக்கில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2010 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து, அரசுக் கடனை வட்டியோடு முழுசாக அடைத்துவிட்டோம் என்றார். வாங்கிய தொகையில் கடன் என்று எழுதியிருந்தது 670 கோடி டாலர் மட்டும். மீதியில் பெரும்பகுதி பங்காக மாறியிருந்தது. அந்தக் கடனையும் அரசு கொடுத்து வைத்திருந்த இன்னொரு கணக்கிலிருந்த பணத்தை எடுத்தே அடைத்தார்கள். அந்த நிதிக்கென்று நியமிக்கப்பட்ட கண்காணிப்பு அதிகாரி இதை வெளியே சொன்னார். ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவில் கட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோமே! "கட்டிட்டாங்களா?" என்று கேட்டால் போதாது, "எதை வச்சுக் கட்டினாங்க?" என்றும் கேட்க வேண்டும்.

ஃபோர்டு எப்படித் தப்பித்தது? 2006 கடைசியிலேயே, வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்த நேரத்தில், ஆலைகளையும் தன் பெயர்ச் சின்னத்தையும்கூட அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி வைத்தது. மழைக்கு முன்னால் ஓடு மாற்றியவர் நனையவில்லை. ஆனாலும் 2009-இல் எரிபொருள் சிக்கன வண்டிகளுக்கான அரசுத் திட்டத்தில் 590 கோடி டாலர் கடன் அதுவும் பெற்றது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

கிரைஸ்லர் அதற்கு முன்பே ஒரு முறை நொடித்த கம்பெனிதான். 1980 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி அரசு 150 கோடி டாலர் வரை ஜாமீன் நின்றது. பணத்தை நேரடியாகக் கொடுக்கவில்லை; ஜாமீன் மட்டும். தொழிலாளர்கள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தார்கள், வங்கிகள் வட்டியில் விட்டுக்கொடுத்தன. தலைவர் லீ ஐயகோக்கா கொஞ்ச காலம் வருடத்துக்கு ஒரு டாலர்தான் சம்பளம் என்று அறிவித்தார். கெடுவுக்கு ஏழு வருடம் முன்பே, 1983-இல் கடன் அடைந்தது. அரசுக்கு 30 கோடி டாலருக்கு மேல் லாபமும் வந்தது. "பார்த்தீர்களா, உதவினால் பிழைக்கும்" என்பார் ஒருவர். "பார்த்தீர்களா, 28 வருடத்தில் திரும்ப வந்து நின்றது" என்பார் மற்றவர்.

பிரிட்டனில் பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனியை 1975-இல் அரசே எடுத்துக்கொண்டது. நம் எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் லேலண்ட் இதுதான். பல வருடம் அரசுப் பணம் போட்டும் கார் பிரிவு தேறவில்லை. பின்னால் கை மாறிக் கை மாறி, கடைசியில் மிஞ்சிய ரோவர் கம்பெனி 2005 ஏப்ரலில் விழுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். மக்கள் வாங்க விரும்பாத வண்டியைச் செய்தால் எவ்வளவு பணம் ஊற்றினாலும் ஓட்டைப் பானைதான்.

ஆஸ்திரேலியா வேறு முடிவு எடுத்தது. பல வருடம் மானியம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி கூடுதலாக இல்லை என்று அந்த அரசு 2013 வாக்கில் கையை எடுத்தது. 2016-இல் ஃபோர்டும், 2017-இல் டொயோட்டாவும், ஹோல்டன் என்ற ஜெனரல் மோட்டார்ஸின் கிளையும் ஆலைகளை மூடின. கார்களைப் பெருமளவில் செய்யும் தொழில் அந்த நாட்டில் அதோடு முடிந்தது. ஆனால் மூடப் போகும் தேதி சில வருடம் முன்பே தெரிந்ததால், வேறு வேலைக்குப் பயிற்சி எடுக்கத் தொழிலாளர்களுக்கு நேரம் கிடைத்தது.

மறைமலை நகரில் நடந்தது

நம் பக்கம் வருவோம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று காரணம் சொன்னது. சென்னைக்கு அருகே மறைமலை நகரிலும் குஜராத்தில் சனந்திலும் சேர்த்துச் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. பாகம் செய்து கொடுத்தவர்களும், அங்கே ஒப்பந்த வேலை பார்த்தவர்களும், வேன் ஓட்டியவர்களும் அந்தக் கணக்கில் முழுசாக வரமாட்டார்கள். மறைமலை நகரில் 2022-இல் கடைசிக் கார் வெளியே வந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும், பேச்சுவார்த்தை நடத்தியும் இழப்பீட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

இது அமெரிக்கக் கதையிலிருந்து வேறுபட்டது. அங்கே சொந்த நாட்டுக் கம்பெனி பணமில்லாமல் விழுந்தது. இங்கே வெளிநாட்டுக் கம்பெனி கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. கிளம்புகிறவரைப் பணம் கொடுத்து நிறுத்துவது கடினம். அந்த ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பத் திறக்க விருப்பம் என்று 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்க வரிப்பணத்தில் பிழைத்த கிரைஸ்லர் இன்று ஸ்டெல்லாண்டிஸ் என்ற கம்பெனியின் பகுதி. அதன் தலைமையிடம் நெதர்லாந்தில். அதே கம்பெனியின் சிட்ரோயன் கார்கள் நம் திருவள்ளூரில் செய்யப்படுகின்றன. "நம் நாட்டுக் கம்பெனி" என்ற பேச்சுக்கு எவ்வளவு நாள் ஆயுள் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் கம்பெனியின் பெயரைப் பார்த்து உதவுவதைவிட, வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்து உதவுவதுதான் சரி.

அப்படியானால் கொடுக்கலாமா, கூடாதா?

எங்கள் கருத்து இது: எல்லாக் கம்பெனிக்கும் எப்போதும் என்று கொடுக்கக் கூடாது. ஆனால் கொடுக்கவே கூடாது என்றும் சொல்ல முடியாது. கீழே உள்ள ஐந்து கேள்விக்கும் நல்ல பதில் இருந்தால் கொடுக்கலாம்.

1. கஷ்டம் ஊருக்கே வந்ததா, இவர் ஒருவர் தவறால் வந்ததா?

2. கடன் தர வேறு யாரும் இல்லையா? தனியார் வங்கி கொடுக்கத் தயாராக இருந்தால் மக்கள் பணம் எதற்கு?

3. அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்ற திட்டம் எழுத்தில் இருக்கிறதா? அந்த வண்டியை வாங்க ஆள் இருக்கிறதா?

4. முதலில் யார் விட்டுக்கொடுக்கிறார்கள்? முதலாளி, பங்குதாரர், தலைமை நிர்வாகி விட்டுக்கொடுத்த பிறகுதான் தொழிலாளியிடம் கேட்க வேண்டும்.

5. லாபம் வந்தால் மக்களுக்குப் பங்கு உண்டா? எப்போது, எப்படித் திரும்பும் என்று தேதி போட்டிருக்கிறதா?

ஆறாவதாக ஒன்றை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், பாகம் செய்யும் சின்னப் பட்டறைக்கும் அந்தப் பணத்தில் என்ன கிடைக்கும்? பெரியவர் பிழைத்தால் சின்னவர் தானாகப் பிழைப்பார் என்று விட்டுவிட்டால், டெல்ஃபி ஊழியர்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகும் வீடுகளுக்கு

அரசு கொடுக்குமா கொடுக்காதா என்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதைச் செய்து வைப்போம்.

வேலைக்குச் சேர்ந்த உத்தரவு, மாதச் சம்பளச் சீட்டு, பி.எப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்திருங்கள். பி.எப். பணம் மாதாமாதம் கணக்கில் ஏறுகிறதா என்று பிள்ளையைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு கட்டாமல் விடுவது, ஒரு கம்பெனி தள்ளாடுகிறது என்பதற்கு முதல் அடையாளம்.

இந்தியாவில் 2016-இல் வந்த திவால் சட்டப்படி, ஒரு கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கும்போது, அதற்கு முந்திய 24 மாதத்துக்கான தொழிலாளர் சம்பளப் பாக்கிக்கு, ஈடு வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான இடம் உண்டு. பி.எப். பணத்தை மற்றக் கடன்களுக்கு எடுக்க முடியாது. ஆனால் பாக்கி இருக்கிறது என்பதைக் காட்டக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாதவரின் உழைப்பு கணக்கில் ஏறாது.

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கம்பெனியில் வேலை, அந்தச் சம்பளத்தை நம்பி மூன்று இடத்தில் கடன் என்று இருந்தால், கூடிய சீக்கிரம் ஒரு கடனையாவது குறைத்துக்கொள்ளுங்கள். ஆடோ மாடோ தையலோ, சம்பளத்தைச் சாராத ஒரு வருமானம் இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, கீழே உள்ள கேள்விகளைப் பேசுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

நம் குழுவில் எத்தனை வீடுகள் கம்பெனிச் சம்பளத்தை நம்பித் தவணை கட்டுகின்றன?

ஒரு கம்பெனி மூடினால், அந்த வீடுகளுக்குத் தவணைக்கு எத்தனை மாதம் அவகாசம் தருவது? அதற்கு என்ன நிபந்தனை?

அந்த அவகாசம் தரும் அளவுக்கு நம் குழு நிதியில் இருப்பு இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், மாதம் ஆளுக்கு எவ்வளவு கூடுதலாகச் சேமிக்கலாம் என்பதையும் அதே கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். எடுத்த முடிவை உங்கள் பஞ்சாயத்துப் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.